விளையாட்டாய்ச் சொன்ன சொல்



காலையில் நாளிதழ் வீட்டு வாசலில் வந்து விழுந்ததும் நம் பிள்ளைகள் முதலில் புரட்டுவது எந்தப் பக்கத்தை? தலையங்கத்தையா? இல்லை, விளையாட்டுப் பக்கத்தைத்தான். நாளிதழைக் கையால் தொடாத பிள்ளைகளும் கைப்பேசித் திரையில் அதே செய்திகளைத் தேடிப் படிக்கின்றனர். அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் ஓட்டக் கணக்கும் கோல் கணக்கும் மட்டுமா இருக்கின்றன? 'இன்னார் இப்படிச் சொன்னார்', 'அதற்கு இன்னார் இப்படிப் பதிலடி கொடுத்தார்' என்பன போன்ற செய்திகளே பாதி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஒரு வீரரின் ஆட்டத்தை ஒரு நாளும் பார்த்திராத பிள்ளைகூட, அவர் சொன்னதாக அச்சான ஒற்றை வரியைக் கொண்டு, 'அவன் திமிர் பிடித்தவன்' என்று தீர்ப்பு வழங்கிவிடுகிறது. நாமும் அந்தத் தீர்ப்பைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுத் தேநீரைப் பருகுகிறோம்.

நம் தமிழில் ஒரு விந்தையைக் கவனித்திருப்பீர்கள். மைதானத்தில் ஆடுவதும் விளையாட்டு. உள்ளத்தில் கனம் ஏதுமின்றி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவதும் 'விளையாட்டாய்ச் சொல்வது'. விளையாட்டு வினையாகும் என்றும் நம் முன்னோர் எச்சரித்துவைத்தனர். அப்படியானால் விளையாட்டு வீரர் ஒருவர் விளையாட்டாய்ச் சொன்ன சொல்லை வினையாக்குபவர் யார்? சொன்னவரா? அதைக் குறித்துக்கொண்டு எழுதிய செய்தியாளரா? படித்துவிட்டுப் பத்துப் பேருக்குப் பரப்பிய நாமா? இம்மாதம் இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. உலகின் அதிவேக மனிதர் என்று புகழப்பட்ட உசைன் போல்ட், ஜமைக்காவுக்காகத் தொடர் ஓட்டத்தில் மட்டும் கலந்துகொள்ள வந்திருந்தார். வீரர்கள் தங்கும் வளாகத்துக்கு வெளியே லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் செய்தியாளர் ஒருவரிடம் அவர் சில நிமிடங்கள் பேசினார். போட்டிகள் எப்படி என்ற கேள்விக்கு அவர் ஒரு கொச்சைச் சொல்லைப் பயன்படுத்தி, 'கொஞ்சம் மட்டம்தான்' என்ற பொருளில் பதில் சொன்னதாகவும், ஒலிம்பிக்கே மேல் என்றதாகவும் மறுநாள் செய்தி வெளிவந்தது. ஊரே கொதித்தது. போல்ட், 'இது அபத்தம்' என்று மறுத்தார். நாளிதழோ தன் செய்தியில் உறுதியாக நின்றது. சில நாட்களில், ஆகஸ்ட் 2ஆம் தேதி, ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் அவர் ஓடினார். ஜமைக்கா அணி 37.58 விநாடிகளில் போட்டிச் சாதனையுடன் தங்கம் வென்றது. மக்கள் ஆரவாரம் செய்தனர்; அவரும் ஆடிப் பாடி மகிழ்ந்தார். பிரச்சினை அத்துடன் ஓய்ந்தது.

அவர் அப்படிச் சொல்லியே இருந்தார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது ஒரு பெரும் போட்டியைப் பற்றி ஒரு வீரர் ஆய்ந்து சொன்ன முடிவா? அல்லது போகிற போக்கில் உதிர்த்த சலிப்பா? 'சாப்பாடு எப்படி?' என்று கேட்டால், 'ஏதோ இருக்கிறது' என்கிறோமே, அதைச் சமைத்தவர் மீது சுமத்தப்பட்ட குற்றப்பத்திரிகையாக யாரேனும் எழுதினால் நாம் ஏற்போமா? சொல் மெய்யாக இருக்கலாம். அந்தச் சொல்லுக்கு ஏற்றப்படும் கனம் பொய்யாகிவிடக்கூடும். இந்த நுட்பத்தை அறிந்தவரே நல்ல செய்தியாளர். அவர் அந்த இடத்திலேயே இன்னொரு கேள்வி கேட்பார்: 'நீங்கள் இதை உண்மையாகவே எண்ணிச் சொல்கிறீர்களா? ஏன்?' அந்த இரண்டாம் கேள்விக்கு வரும் பதில்தான் செய்தி. முதல் பதில் பெரும்பாலும் வெறும் மூச்சு.

இதைவிட வருந்தத்தக்க இன்னொரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஆலன் ஐவர்சன், 2002ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் செய்தியாளர்களைச் சந்தித்தார். அவருடைய அணி முதல் சுற்றிலேயே பாஸ்டனிடம் தோற்று வெளியேறியிருந்தது. அவர் பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை என்று பயிற்சியாளர் குறைபட்டிருந்தார். அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கவே, ஐவர்சன் பொறுமையிழந்து, 'நாம் பேசுவது பயிற்சியைப் பற்றியா? ஆட்டத்தைப் பற்றி அல்ல, பயிற்சியைப் பற்றியா?' என்று ஏளனக் குரலில் 20 முறைக்கு மேல் அந்த ஒரு சொல்லையே சொன்னார். அறை சிரித்தது. அந்தச் சில விநாடிக் காட்சி இன்று வரை உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'பயிற்சியை இகழ்ந்த சோம்பேறி' என்ற பட்டமும் அவரை விட்டபாடில்லை.

ஆனால் அதே சந்திப்பில் அவர் வேறொன்றையும் சொன்னார். தம் உற்ற நண்பரை இழந்துவிட்டதாகவும், அந்த ஆண்டையே இழந்துவிட்டதாகவும் மனம் உடைந்து பேசினார். சில மாதங்களுக்கு முன்னர், 2001 அக்டோபரில், அவருடைய நெருங்கிய நண்பர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். துயரத்தில் இருந்த ஒரு மனிதரின் பேச்சில், சிரிப்புக்குரிய பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு வாழ்கிறது; அழுகைக்குரிய பகுதி மறக்கப்பட்டது. அவர் பயிற்சிக்கு வராதது சரி என்று நான் வாதிடவில்லை. பயிற்சியாளரின் குறை நியாயமானதே. ஆயினும் ஒருவரின் பேச்சில் பாதியைக் காட்டி மீதியை மறைப்பது எந்த நியாயத்தில் சேரும்? அப்படிக் காட்டுகிறவர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை; ஆயினும் பார்ப்பவர் மனத்தில் ஒரு தவறான சித்திரத்தை எழுதிவிடுகிறார்.

சரி, அப்படியானால் வீரர்கள் சிரிக்கப் பேசுவதையெல்லாம் வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிடலாமா? அதுவும் பிழைதான் என்பதற்கு முஹம்மது அலீயின் வாழ்வே சான்று.

அலீயைப் போல் வாய் ஓயாமல் பேசிய வீரர் இன்னொருவர் இல்லை. எதுகை மோனையோடு பாட்டுக் கட்டுவார். எதிராளி எந்தச் சுற்றில் வீழ்வார் என்று ஆரூடம் சொல்வார். நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு எழுதிக் குவித்தனர். 1964ஆம் ஆண்டு இராணுவத்தின் எழுத்துத் தேர்வில் அவர் தேறவில்லை. அது பற்றிக் கேட்டபோது, 'நான் மிகச் சிறந்தவன் என்றுதான் சொன்னேன். மிகுந்த அறிவாளி என்று சொல்லவில்லையே!' என்று தம்மைத் தாமே கேலி செய்துகொண்டார். எல்லோரும் சிரித்தனர். சிரிப்பதற்காகவே சொன்னது, அதில் தவறில்லை.

அடுத்து வந்தது 1966 பிப்ரவரி 17. இராணுவம் தன் தேர்வு அளவைத் தாழ்த்தியதால், அலீ படையில் சேரத் தகுதியானவர் என்று புதிதாக அறிவிக்கப்பட்டது. அன்று மயாமியில் அவர் தங்கியிருந்த வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. வியட்நாம் போரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் துளைத்தனர். இறுதியில், 'அந்த வியட்காங்குகளோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை' என்றார் அலீ. பத்திரிகைகள் பொங்கின. வாயாடியின் இன்னொரு உளறல் என்றனர் சிலர்; தேசத் துரோகம் என்றனர் வேறு சிலர். சிகாகோவில் நடக்கவிருந்த அவருடைய குத்துச்சண்டை அங்கே நடக்கவிடாமல் தடுக்கப்பட்டு, கடைசியில் கனடாவின் டொரண்டோ நகருக்குப் போயிற்று.

சலித்துப்போய்ச் சொன்ன அந்த ஒரு வரி விளையாட்டாய்ச் சொன்னதுதானா? காலம் விடை சொன்னது. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் படையில் சேர அவர் மறுத்தார். உலகப் பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் சிறைக்குள் போகாவிட்டாலும், வாலிபத்தின் உச்சத்தில் மூன்றரை ஆண்டுகள் அவரால் குத்துச்சண்டை மேடை ஏற முடியவில்லை. 1971 ஜூன் 28 அன்றுதான் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர் மீதான தண்டனையை ரத்து செய்தது. தம் சொல்லுக்கு இத்தனை விலை கொடுத்த மனிதரை உளறுவாயர் என்று எழுதியவர்கள் எங்கே தவறினர்? சிரிக்கவைத்தவர் எப்போதும் சிரிப்புக்குரியவர் என்று முடிவு கட்டிவிட்டதில்தான். அவர் தாமாக ஏற்றுக்கொண்ட பெயரைக்கூடப் பல பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் ஏற்க மறுத்து, பழைய 'கேசியஸ் கிளே' என்ற பெயராலேயே எழுதிவந்தன. ஒருவர் தம் பெயர் இது என்று சொல்வதையே நம்ப மறுப்பவர், அவர் கொள்கை இது என்று சொல்வதை எப்படி நம்புவார்?

அதே அலீயிடம் இன்னொரு பக்கமும் இருந்தது. நேர்மையாக எண்ணுபவர்கள் அதையும் சொல்லியாக வேண்டும். 1975ஆம் ஆண்டு மணிலாவில் ஜோ ஃபிரேசியரோடு மோதுவதற்கு முன்னர், 'மணிலா' என்ற சொல்லோடு எதுகை சேர்த்து, எதிராளியை 'கொரில்லா' என்று அழைத்தார். செய்தியாளர் சந்திப்பிலேயே பையிலிருந்து ஒரு சிறிய ரப்பர் குரங்குப் பொம்மையை எடுத்துக் குத்திக் காட்டினார். நிருபர்கள் சிரித்தபடி குறித்துக்கொண்டனர். ஃபிரேசியர் சிரிக்கவில்லை. அலீயின் பட்டம் பறிக்கப்பட்டிருந்த நாட்களில் அவருக்கு உதவியவர் அவர். கறுப்பின மனிதர் ஒருவரைக் குரங்கோடு ஒப்பிடுவது எத்தனை பழைய, எத்தனை கொடிய வசை என்பதை அந்த அறையில் இருந்தோர் அறியாதவர்களா? அந்தப் புண்ணைப் பல பத்தாண்டுகள் ஃபிரேசியர் சுமந்தார். 2001ஆம் ஆண்டு 'நியூயார்க் டைம்ஸ்' பேட்டியில் அலீ வருத்தம் தெரிவித்தார். போட்டிக்கு விளம்பரம் தேடிச் சொன்னவையே அவை என்றும் கூறினார். சொல்லி 26 ஆண்டுகள் கழிந்திருந்தன. எழுதிச் சிரித்த பேனாக்களில் எத்தனை வருத்தம் தெரிவித்தன?

இங்கே ஓர் அளவுகோல் நமக்குக் கிடைக்கிறது. அந்தக் கேலி யார் மீது விழுகிறது? தம் மீதே விழுந்தால், அதைச் சிரிப்பாகவே எழுதுக. போட்டியின் மீதோ கேள்வியின் மீதோ விழுந்தால், சூழலைச் சொல்லி எழுதுக. இன்னொரு மனிதரின் நிறம், குலம், நாடு, மார்க்கம் ஆகியவற்றின் மீது விழுந்தால், அதை மறைக்கவும் கூடாது. சிரித்துக்கொண்டே எழுதவும் கூடாது. பாதிக்கப்பட்டவரிடமும் சென்று கேட்டு, அவர் சொல்லையும் சேர்த்து எழுதுக.

2006 ஆகஸ்டில் கொழும்பில் தென்னாப்பிரிக்காவும் இலங்கையும் டெஸ்ட் பந்தயம் ஆடின. தாடி வைத்த இளம் வீரர் ஹாஷிம் அம்லா ஒரு கேட்ச் பிடித்தார். ஆஸ்திரேலியாவின் முன்னாள் வீரரும் வர்ணனையாளருமான டீன் ஜோன்ஸ், விளம்பர இடைவேளை என்று எண்ணி, அம்லாவைப் 'பயங்கரவாதி' என்று குறிப்பிட்டார். தென்னாப்பிரிக்காவில் ஒலிபரப்பு தொடர்ந்துகொண்டிருந்ததால் அங்கிருந்த மக்கள் கேட்டுவிட்டனர். அவர் மன்னிப்புக் கேட்டார். தொலைக்காட்சி நிறுவனம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. 'ஒலிவாங்கி மூடியிருப்பதாக நினைத்துச் சொன்னதுதானே' என்று விட்டுவிடலாமா? யாரும் கேட்கவில்லை என்று எண்ணிச் சொல்லும் கேலியால் புண்படுவோர் நம் பிள்ளைகளாக இருக்கும்போது அதன் வலி நமக்குப் புரிகிறது.

புரிகிறதல்லவா? அப்படியென்றால் நம் தராசின் மறு தட்டையும் பாருங்கள். 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தான் அணி இந்திய அணியைப் பத்து விக்கெட்டுகளில் வென்றது. ஆட்ட இடைவேளையில் முஹம்மது ரிஸ்வான் மைதானத்திலேயே தொழுதார். அதைக் குறித்து வக்கார் யூனிஸ் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இந்துக்கள் சூழ்ந்திருக்க அவர் தொழுததே தமக்கு மிகவும் பிடித்தது என்றார். தொழுகை ஒருவருடைய வணக்கம். அதை அடுத்தவரைச் சீண்டும் வெற்றிக் கொடியாக்கிய பேச்சு அது. இந்தியாவிலிருந்து கண்டனம் எழுந்ததும், உணர்ச்சி வேகத்தில் சொல்லிவிட்டதாக வக்கார் மன்னிப்புக் கோரினார். டீன் ஜோன்ஸின் சொல்லுக்குக் கொதித்த நாம், வக்காரின் சொல்லுக்கும் அதே அளவு முகம் சுளித்தோமா? நம்மவர் சொன்னால் 'விளையாட்டு', பிறர் சொன்னால் 'வினை' என்றால் அதற்குப் பெயர் நீதியல்ல.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் கிரிக்கெட் கழகத்தில் நடந்ததும் இதே பாடத்தைத் தருகிறது. அஸீம் ரஃபீக் என்ற வீரர் தாம் அங்கே நிறவெறிக்கு ஆளானதை வெளியிட்டார். அவரை இழிசொல்லால் அழைத்ததை, 'நண்பர்களுக்கிடையிலான கேலிப் பேச்சு' என்று கழகத்தின் விசாரணை அறிக்கை மழுப்பியது 2021 நவம்பரில் செய்தியாளர்களால் அம்பலமாயிற்று. அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்த இரண்டாம் நாளே, 2011இல் யூதர்களை இகழ்ந்து அவர் எழுதிய பழைய செய்திகளும் பத்திரிகையில் வெளிவந்தன. அவர் மழுப்பவில்லை, ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இரண்டையும் வெளியிட்டது பத்திரிகைத் தொழில்தான். அது தன் கடமையைச் செம்மையாகச் செய்தால் யாருக்கும் சலுகை காட்டாது.

இனி நம் தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கம் திரும்புவோம். வெளிநாட்டு வீரர்களின் பேச்சு நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் வழியே வருகிறது. ஒலியில் இருந்த சிரிப்பு எழுத்தில் பாதி போகிறது. மொழிபெயர்ப்பில் மீதியும் போகிறது. கண்ணைச் சிமிட்டிச் சொன்ன கேலி, செந்தமிழில் சபதமாக வந்து நிற்கிறது! அத்துடன் முடிந்ததா? 'சொன்னார்' என்ற எளிய சொல் இருக்க, 'கொக்கரித்தார்', 'மார்தட்டினார்', 'எகத்தாளமாகப் பேசினார்', 'சவால் விட்டார்' என்றெல்லாம் எழுதிவிடுகிறோம். இச்சொற்கள் செய்தி சொல்பவை அல்ல, தீர்ப்புச் சொல்பவை. வீரரின் வாயிலிருந்து வராத ஆணவத்தை அவருடைய வாக்கியத்தின் வாலில் ஒட்டிவைப்பவை. 'சிரித்துக்கொண்டே சொன்னார்' என்ற இரண்டே சொற்களைச் சேர்த்தால் ஒரு மனிதரின் மானம் காக்கப்படுமெனில், அந்த இரண்டு சொற்களுக்குப் பத்திரிகையில் இடமா இல்லை?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 'வீரர்கள் பெருந்தொகை பெறும் பெரியவர்கள். தாம் பேசுவதற்குத் தாமே பொறுப்பு. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுவதுதான் செய்தியாளரின் வேலை. அவர்களைக் காப்பாற்றுவது அல்ல' என்பார்கள். உண்மைதான். செய்தியாளர் வீரரின் வழக்கறிஞர் அல்லர். சொன்ன பின்னர், 'அதைப் போடாதீர்கள்' என்று கெஞ்சுவதற்கெல்லாம் இணங்கினால், பத்திரிகை விளம்பரத் தாளாகிவிடும். நான் வேண்டுவது சலுகை அன்று, முழுமை. என்ன கேள்விக்கு அந்தப் பதில் வந்தது, எத்தனையாவது முறையாகக் கேட்கப்பட்டது, எந்தக் குரலில் சொல்லப்பட்டது, முன்னும் பின்னும் என்ன இருந்தது ஆகியவையும் உண்மையின் உறுப்புகளே. அவற்றை வெட்டிவிட்டு, 'சொன்னதைத்தான் எழுதினேன்' என்பது அரை உண்மை.

முழுமையைப் பேணாததன் விளைவையும் விளையாட்டு உலகம் கண்டுகொண்டிருக்கிறது. 2015 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் மார்ஷான் லிஞ்ச், செய்தியாளர் சந்திப்பில் எந்தக் கேள்விக்கும், 'அபராதம் விழக்கூடாது என்பதற்காகவே வந்திருக்கிறேன்' என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு எழுந்து போனார். 2021இல் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா, தம் மனநலத்தைக் கருதிப் பிரெஞ்சு ஓப்பன் போட்டியில் செய்தியாளர்களைச் சந்திக்க மறுத்து, 15,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, பின்னர் போட்டியிலிருந்தே விலகினார். மற்றவர்களோ, 'அணிக்காக முழு முயற்சி எடுத்தோம்', 'ஒவ்வொரு பந்தயமாகப் பார்ப்போம்' என்று மனப்பாடம் செய்த வரிகளை ஒப்பிக்கின்றனர். வேடிக்கையாகப் பேசினால் வினை வரும் என்று அஞ்சி, மனிதர்கள் பொம்மைகளாகிவிட்டனர். இதில் இழப்பு வீரர்களுக்கு மட்டுமல்ல; அவர்களை உள்ளபடி அறியும் வாய்ப்பை இழப்பது நாமுந்தான்.

அருமைத் தாய்மார்களே, பெரியோர்களே! செய்தியாளர்களுக்குச் சொன்னது போதும். நம் வீட்டுக்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை ஒரு தலைப்பைப் படித்துவிட்டு, 'இவன் என்ன திமிராகப் பேசியிருக்கிறான் பாருங்கள் அத்தா!' என்று வந்து நிற்கும்போது, 'தலைப்பை விடு, செய்தி முழுவதையும் படித்துக் காட்டு' என்று சொல்லுங்கள். அவரிடம் என்ன கேட்கப்பட்டது என்று தேடச் சொல்லுங்கள். செய்தியில் கேள்வியே இல்லையென்றால், அந்தப் பதிலைத் தீர்ப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அவர் நம் அணிக்காரராக இருந்தாலும், எதிரணிக்காரராக இருந்தாலும் அதே விதிதான். தலைப்பு ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்று இருந்தால், ஆசிரியருக்கு நாலு வரிக் கடிதம் எழுதுங்கள். பத்துக் கடிதங்கள் ஒரே நாளில் மேசைக்கு வந்தால், அடுத்த முறை தலைப்பிடும் கை சற்றுத் தயங்கும்.